பறிக்காத பலா, பசித்த கரடி

கோத்தகிரியிலிருந்து கீழிறங்கும் சாலையோரத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியைச் சென்ற கோடையில் சந்தித்தேன். தோட்டத்தின் ஓரத்தில் நான்கு பலா மரங்கள். மூன்றில் பழம் பழுத்து வெடித்துத் தொங்கியது. "பறிக்க ஆள் கூலி, கீழே கொண்டுபோக வண்டி வாடகை, இரண்டையும் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது சார். அதான் விட்டுவிட்டேன்" என்றார். அந்த மரங்களின் அடியில் பழத்தோலும் சுளைச் சக்கையும் சிதறிக் கிடந்தன. மரத்தண்டில் புதிய நகக்கீறல்கள். மூன்று இரவுகளாகக் கரடி வந்து போகிறது என்றார். நான்காம் நாள் காலை கொழுந்து பறிக்கப் பெண்கள் யாரும் வரவில்லை.

அந்த வாரம் அவருக்கு ஏற்பட்ட இழப்பு பலாப்பழம் அல்ல. முற்றிப்போன கொழுந்தும், நின்றுபோன வேலையும்தான். இதைப் பயிர்ச் சேதம் என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. நீலகிரியிலும், நெல்லை, தென்காசி மலையடிவாரங்களிலும் கோடை தோறும் பேசப்படும் கரடிப் பிரச்சினையின் மையம் இங்கேதான் இருக்கிறது. காட்டில் கரடி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று விவாதிப்பதற்கு முன், நம் தோட்டத்தில் அதற்கு என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கோடையில் கரடிக்கு என்ன நேர்கிறது?

நம் காடுகளில் இருப்பது தேன் கரடி. உடல் முழுக்கச் சடைத்த கருப்பு முடி, மார்பில் வெள்ளை வளைவு, வெளுத்த மூக்கு. வளர்ந்த ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். பெண் 55 முதல் 95 கிலோ. பனிப்பிரதேசக் கரடிகளைப் போல இது குளிர்காலம் முழுக்க உறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் உணவு தேட வேண்டும்.

இதன் முதன்மை உணவு கரையானும் எறும்பும். மேல்தாடையின் நடுவில் இரண்டு முன்பற்கள் இதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாக, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, கரையானை உறிஞ்சி எடுக்கும். மழைக்காலத்தில் புற்று இளகியிருக்கும். நீண்ட நகங்களால் எளிதாகத் தோண்டும். கோடையில் நிலம் இறுகுகிறது. கரையான் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்குகிறது. தோண்டச் செலவாகும் உழைப்புக்குக் கிடைக்கும் தீனி போதாது. எனவே கோடையில் கரடி பழத்துக்கு மாறுகிறது. கொன்றை, இலந்தை, அத்தி, இலுப்பைப் பூ, கோடை முடியும்போது நாவல் என்று காட்டில் கிடைப்பதைத் தின்னும். அந்தக் கொட்டைகளை எச்சத்தோடு வேறிடத்தில் விதைத்தும் செல்லும். காட்டுக்கு இது ஒரு விதைப்பாளர்.

காட்டில் பழம் குறைந்தால்? தீ பரவிய ஆண்டில், மழை பொய்த்த ஆண்டில், உண்ணிச்செடி மூடிய காட்டில் பழமரக் கன்று மேலே வருவதில்லை. அப்போது கரடியின் மூக்கு வேலை செய்கிறது. அதற்குப் பார்வை மந்தம், மோப்பம் அபாரம். பழுத்த பலாவின் மணம் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவும் மாதங்களும் இவைதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேன் கரடி பெரும்பாலும் குளிர்கால மாதங்களில் குகையிலோ பொந்திலோ குட்டி போடுகிறது. இரண்டு, மூன்று மாதம் கழித்துக் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறது. அதாவது பங்குனி, சித்திரையில் நம் தோட்டத்துக்கு வரும் பெண் கரடியின் முதுகில் குட்டி இருக்க வாய்ப்பு அதிகம். புலியையே எதிர்த்து நின்று பழகிய விலங்கு அது. திடீரென்று எதிரில் ஆள் வந்தால் ஓடுவதைவிடப் பாய்வதையே தேர்ந்தெடுக்கும்.

எவ்வளவு ஆபத்து?

மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரையிலான ஐந்து ஆண்டுகளில் 735 பேர் கரடித் தாக்குதலுக்கு ஆளானார்கள். அவர்களில் 48 பேர் உயிரிழந்தார்கள் என்று ஆய்வுப் பதிவு சொல்கிறது. இறப்பு நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. ஆனால் பிழைத்தவர்களின் நிலையை இந்த எண் காட்டாது. கரடி முகத்தையும் தலையையும் குறிவைக்கும். கண், மூக்கு, தாடை போனவர்கள் வாழ்நாள் முழுக்க அந்தத் தழும்போடு வேலை தேடுகிறார்கள். நம் மாநிலத்தில், 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே ஒரே கரடி மூன்று பேரைத் தாக்கியதும், பிறகு மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இந்தத் தாக்குதல்களில் மிகப் பெரும்பாலானவை வேட்டையாட வந்தவை அல்ல. விறகு பொறுக்கும்போது, பூப் பொறுக்கும்போது, அதிகாலையில் ஒதுங்கும்போது, புதர் ஓரத்தில் எதிர்பாராமல் நேர்பவை. கரடிக்கும் நமக்கும் இடையில் பத்தடி தூரம்கூட இல்லாத இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் நிற்பதுதான் சிக்கல். அந்த இடத்தையும் நேரத்தையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜப்பானில் நடந்தது நமக்கு எச்சரிக்கை

தேன் கரடி நம்முடையது. இமயமலையிலிருந்து ஜப்பான் வரை பரவியிருப்பது அதன் உறவான கருங்கரடி. ஜப்பானில் 2023ஆம் நிதியாண்டில் கரடிகளால் 219 பேர் பாதிக்கப்பட்டார்கள். 6 பேர் இறந்தார்கள். 2025இல் இறப்பு பத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல், ஊருக்குள் வரும் கரடியை அவசர நிலையில் சுட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் வகையில் சட்டம் திருத்தப்பட்டது. நவம்பரில் அகிடா மாகாணத்தில் பொறிக்கூண்டு வைப்பதற்கு உதவ ராணுவ வீரர்களை அனுப்பினார்கள்.

காரணம் என்ன? மலையில் பீச், ஓக் மரங்களின் கொட்டை விளைச்சல் பொய்த்த ஆண்டுகள் அவை. ஆனால் கொட்டை பொய்ப்பது புதிதல்ல. புதிதாக நடந்தது வேறு. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். கிராமத்தில் முதியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். மலைக்கும் வீட்டுக்கும் நடுவில் எப்போதும் ஆள் நடமாட்டத்தோடு, விறகும் புல்லும் வெட்டிச் சுத்தமாக இருந்த நிலப்பட்டை புதராகிவிட்டது. வீட்டு வாசலில் சீமைப் பனிச்சை மரங்கள் பறிக்க ஆளின்றிப் பழுத்து நின்றன. கரடிக்கு மறைவும் கிடைத்தது, விருந்தும் கிடைத்தது. இப்போது பல ஊர்களில் உள்ளாட்சிகளே அந்தப் பழங்களைப் பறித்துவிடுங்கள், வேண்டாத மரங்களை வெட்டிவிடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொள்கின்றன.

நீலகிரிக் காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை இல்லாததால் கவாத்தும் களையெடுப்பும் நின்றுபோன தோட்டங்கள் எத்தனை? இடுப்பளவு இருக்க வேண்டிய தேயிலைச் செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, அடியில் உண்ணிச்செடி பின்னிக் கிடக்கிறது. பகலில் கரடி படுத்துறங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. உண்ணிப்பழமும் அதற்குத் தீனி. பக்கத்துத் தோட்டத்தில் பறிக்காத பலா, லைன் வீடுகளுக்குப் பின்னால் சோறும் மீன் கழிவும் கொட்டிய குப்பை, கோயிலில் விளக்கெண்ணெய், சத்துணவுக் கூடத்தில் பருப்பும் எண்ணெயும். கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் கரடி கதவை உடைத்த செய்திகளைப் படிக்கும்போது, அது எதைத் தேடி வந்தது என்ற வரியை மறக்காமல் படியுங்கள். பெரும்பாலும் எண்ணெய், இனிப்பு, பழம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தேயிலை விலை வீழ்ச்சியும் கரடி வருகையும் இரண்டு தனித்தனிச் செய்திகள் அல்ல. கைவிடப்பட்ட நிலம் யாருக்கும் சொந்தமில்லாத காடாக மாறுவதன் விலையைப் பக்கத்து நிலத்துக்காரரும் கொழுந்து பறிக்கும் பெண்களும் கொடுக்கிறார்கள்.

கூண்டுக் கரடி சொல்லும் பாடம்

காட்டுக் கரடியைப் பற்றி நாம் அறிந்ததில் கணிசமான பகுதியைக் கூண்டுக் கரடியைப் பராமரிப்பவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். ஒரு காலத்தில் மூக்கில் கயிறு கோத்து, பல்லைப் பிடுங்கித் தெருவில் ஆட வைத்த கரடிகளை 2002 முதல் படிப்படியாக மீட்டார்கள். 2009 டிசம்பரில் கடைசி ஆட்டக் கரடியும் மீட்கப்பட்டது. இப்படி மீட்ட 600க்கும் மேற்பட்ட கரடிகளை ஆக்ரா, பெங்களூரு அருகே பன்னார்கட்டா, போபால் ஆகிய இடங்களில் உள்ள மறுவாழ்வு மையங்களில் வைத்துப் பராமரித்தார்கள். கரடியை ஆட்டி வந்த கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலும் குழந்தைகளுக்குப் படிப்பும் ஏற்பாடு செய்ததால்தான் அந்த வழக்கம் திரும்பவில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் கோடை தோறும் கரடிகளுக்குப் பழங்களை உறைய வைத்த பனிக்கட்டி கொடுப்பதைச் செய்திப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

கோடைப் பராமரிப்பின் அடிப்படை எளிது. நிழல், இறங்கிப் படுக்கத் தொட்டி நீர், மண் தரை, குளிர்ந்த உறங்கறை. தானியக் கஞ்சியைக் குறைத்து, தர்பூசணி, வெள்ளரி போன்ற நீர்ச்சத்துள்ளவற்றைக் கூட்டுவது. தீனியை ஒரே தட்டில் ஒரே வேளையில் கொட்டாமல், மரக்கட்டைத் துளைகளில் தேன் தடவியும், பழத்தை மறைத்து வைத்தும், தேடித் தின்ன வைப்பது. தேட வேலை இல்லாத கரடி கொழுக்கும். அல்லது ஒரே இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். பார்வையாளர்கள் எறியும் பிஸ்கட்டும் மிட்டாயும் பல்லையும் குடலையும் கெடுக்கும்.

இதில் விவசாயிக்கு என்ன இருக்கிறது? நான்கு பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, நேரம். வெயில் ஏறியதும் கூண்டுக் கரடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் சுறுசுறுப்பு. எனவே காப்பாளர்கள் கோடையில் அந்த இரு வேளைகளில் தீனி வைக்கிறார்கள். காட்டுக் கரடிக்கும் அதே உடல்தான். நாம் பால் கறந்து கொண்டுபோவதும், முதல் பேருந்துக்கு நடப்பதும், விறகுக்குப் போவதும் அதே வேளைகளில்தான்.

இரண்டாவது, நினைவு. தீனி கிடைத்த இடத்தையும் வேளையையும் கரடி மறப்பதில்லை. கர்நாடகத்தில் ஹம்பிக்கு அருகே உள்ள தரோஜி கரடிகள் சரணாலயம் 1994இல் அமைக்கப்பட்டது. அங்கே பாறைகளில் வெல்லக் கரைசல் பூசி வைக்கும் வழக்கம் உண்டு. மாலை வேளையில் கரடிகள் குட்டிகளோடு இறங்கி வந்து நக்குவதைப் பயணிகள் எதிரே உள்ள காட்சிக் கோபுரத்திலிருந்து பார்ப்பார்கள். காட்டுக் கரடியைக்கூட ஒரே பாறைக்கு வர வைக்க வெல்லம் போதும் என்றால், தினமும் எச்சில் இலை விழும் குப்பைக்குழி என்ன செய்யும் என்று யோசியுங்கள். தெரியாமலேயே நாமும் வெல்லம் பூசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, நீர். கடும் கோடையில் கூண்டுக் கரடி தொட்டியை விட்டு நகராது. காட்டில் ஓடை வற்றினால் அது நம் தடுப்பணைக்கும் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் வரும். காட்டுக்குள் நீர்நிலையை நிரப்பி வைப்பது வனத்துறை வேலை மட்டுமல்ல. நம் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. ஊராட்சிக் கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாக வையுங்கள்.

நான்காவதுதான் முக்கியமானது. எத்தனை ஆண்டு பழகிய கரடியாக இருந்தாலும், அது உள்ளறையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, நடுக்கதவைப் பூட்டிய பிறகே காப்பாளர் கூண்டைக் கூட்டிப் பெருக்க உள்ளே போவார். கரடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கதவைத் திறப்பதில்லை. நாமோ ஆளுயரத் தேயிலைக்குள், அது எங்கே படுத்திருக்கிறது என்று தெரியாமல், தலையில் கூடையோடு நுழைகிறோம்.

பார்க்கத் தெரிந்துகொள்வோம்

கரடியைப் பார்ப்பது என்றால் அலைபேசியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது அல்ல. அதன் அடையாளங்களைப் படிப்பது. பின்னங்கால் தடம் வெறுங்காலில் நடந்த மனிதத் தடம் போலவே இருக்கும். ஆனால் விரல்களுக்கு முன்னே நகக்குறி தெரியும். முன்னங்கால் நகக்குறி இன்னும் தள்ளி விழும். புற்றில் குடைந்த குழி, பலா மரத்தண்டில் கீறல், எச்சத்தில் கொன்றை விதை, இலந்தைக் கொட்டை, கரையான் தலைகள் என இவை எல்லாம் செய்திகள். கரையான் உறிஞ்சும் ஓசை அமைதியான வேளையில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

ஒரு ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், இடம், தனியாகவா குட்டியோடா, எதைத் தின்றது என்ற ஐந்து தகவல்களை உதவி வேளாண் அலுவலரோ, தோட்டக்கலை உதவியாளரோ, சுயஉதவிக் குழுவினரோ எழுதி வையுங்கள். பூச்சித் தாக்குதலைக் கண்காணிக்க விளக்குப் பொறியில் விழும் பூச்சியை எண்ணுகிறோம் அல்லவா, அதே முறைதான். இரண்டு கோடை எழுதினால் எந்த வாரம், எந்த ஓடை வழியாக, எந்த மரத்துக்கு வருகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு கொழுந்து பறிக்கும் பாத்திகளின் வரிசையை அதற்கேற்ப மாற்றலாம். வனத்துறையிடம் ரோந்து கேட்கும்போதும், இழப்பீடு கேட்கும்போதும் வெறும் புகாருக்கு இல்லாத பலம் அந்த நோட்டுக்கு இருக்கும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

பலாவைப் பிஞ்சிலேயே பறியுங்கள். கறிக்கு உதவும் பிஞ்சுப் பலா பழுத்ததைவிட எடை குறைவு, கொண்டுபோவது எளிது, கரடியை ஈர்க்கும் மணமும் இல்லை. ஒருவர் மட்டும் பறித்தால் கூலி கட்டாது என்பது உண்மை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, சுயஉதவிக் குழுவோ ஒரே நாளில் ஓர் ஊரின் எல்லா மரத்தையும் பறித்து ஒரே வண்டியில் ஏற்றினால் கணக்கு மாறும். விற்காமல் போன பழத்தைத் தரையில் அழுக விடாமல் மாட்டுக்கு அளவாகக் கொடுங்கள், அல்லது ஆழக் குழியில் மண் போட்டு மூடுங்கள். பேரி, கொய்யா, மா மரங்களுக்கும் இதே விதி.

நடைபாதையின் இருபுறமும், லைன் வீடுகளைச் சுற்றியும், பள்ளி செல்லும் வழியிலும் புதரை வெட்டி, பார்வை எட்டும்படி வையுங்கள். கைவிட்ட தோட்டத்தில் முழுவதையும் கவாத்து செய்ய இயலாவிட்டாலும், பாதையை ஒட்டிய சில வரிசைகளையாவது தாழ வெட்டுங்கள். உரிமையாளர் வெளியூரில் இருந்தால் ஊராட்சி மூலம் கடிதம் அனுப்புங்கள்.

கொழுந்து பறிப்பதையும் விறகெடுப்பதையும் வெயில் நன்றாக ஏறிய பிறகு தொடங்குங்கள். இருவர், மூவராகப் பேசிக்கொண்டே போங்கள். ஒரு பாத்தியில் இறங்குமுன் தகரம் தட்டி ஓசை எழுப்பி, சிறிது நேரம் காத்திருங்கள். காப்பாளர் நடுக்கதவைப் பூட்டுவதற்கு நிகரானது இதுதான். நாயை அவிழ்த்துவிட்டு முன்னே அனுப்பாதீர்கள். அது கரடியைச் சீண்டிவிட்டு உங்களிடமே ஓடிவரும். கரடியும் பின்னாலேயே வரும்.

தேன் பெட்டி வைத்திருப்பவர்கள் அவற்றைக் காட்டோரத்தில் சிதறலாக வைக்காமல் வீட்டருகே ஒன்றாக வையுங்கள். கரடி உள்ள நாடுகளில் தேன் பெட்டியைக் காப்பதற்கு நம்பகமான வழியாக இருப்பது துடிப்பு மின்வேலி. நம் ஊரில் சூரிய மின்வேலிக்குத் தமிழக அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறை அனுமதி பெற்று, தரச்சான்று பெற்ற கருவியை மட்டுமே பொருத்துங்கள்.

மக்காச்சோளம், நிலக்கடலை பயிரிடும் மலையடிவார விவசாயிகள் காட்டை ஒட்டிய வரிசைகளில் கரடி விரும்பாத பயிரை வைத்து, இடையில் சில மீட்டர் வெற்று நிலம் விடுவது நல்லது. திறந்த வெளியைக் கடக்கக் கரடி தயங்கும்.

செய்யக் கூடாதவை

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது குற்றம் மட்டுமல்ல. அதில் அடிபட்டு இறந்த விவசாயிகளும் தொழிலாளர்களும் நம்மிடையே உண்டு. காட்டுப்பன்றிக்கு என்று வைக்கும் சுருக்குக் கம்பியிலும் அவுட்டுக்காயிலும் கரடியும் சிக்கும். காயம்பட்ட கரடி அந்தப் பகுதியில் அடுத்த பல வாரங்களுக்கு யாரையும் நிம்மதியாக வேலை செய்ய விடாது. தேன் கரடி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு, கொன்றால் சிறை.

குட்டி மட்டும் தனியாகக் கிடந்தால் தூக்கி வந்து பால் ஊட்டாதீர்கள். தாய் அருகில் இருக்கும். அந்த இடத்தை விட்டு விலகி வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பரிதாபப்பட்டு வீட்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். மனிதக் கையில் வளர்ந்த குட்டி மீண்டும் காட்டில் பிழைப்பது அரிது. கூண்டுதான் அதன் மீதி வாழ்க்கை.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். அதைவிட வேகமாக நம்மால் ஓட முடியாது. மரமேறியும் பயனில்லை. கரடிக்கு வழிவிட்டு, மெதுவாகப் பின்னால் நகருங்கள். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளைப் பின்னங்கழுத்தில் கோத்து, முகத்தைத் தரையோடு மறைத்துக்கொள்ளுங்கள். காயம் சிறியதாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தசைவாத ஊசியும் போட உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காப்பீடு வருகிறது, கணக்கில் யார் வருவார்கள்?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குகளால் ஏற்படும் பயிர் இழப்பையும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரிப் பருவம் முதல் இது நடைமுறைக்கு வரும். சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள், இட விவரத்தோடு கூடிய படங்களை எடுத்துப் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். எந்தெந்த விலங்குகள், எந்தெந்த மாவட்டங்கள் என்ற பட்டியலை மாநில அரசுகளே அறிவிக்க வேண்டும்.

வரவேற்க வேண்டிய மாற்றம் இது. ஆனால் இரண்டு ஓட்டைகளை இப்போதே சுட்டிக்காட்ட வேண்டும். ஒன்று, யானையும் காட்டுப்பன்றியும் பட்டியலில் தாமாகவே இடம்பிடிக்கும்; கரடியை யாராவது நினைவூட்ட வேண்டும். மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் இழக்கும் விவசாயிகளின் பதிவுகள்தான் அந்த நினைவூட்டல். நோட்டுப் புத்தகம் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சேதம் நேர்ந்ததும் வயலைச் சுத்தம் செய்துவிடாமல், தடத்தோடு படமெடுங்கள். காப்பீடு தனி, வனத்துறை தரும் இழப்பீடு தனி. இரண்டாவதுக்கு வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

இரண்டாவது ஓட்டை பெரியது. இந்தத் திட்டம் அறிவிக்கை செய்யப்பட்ட பயிர்களுக்கு மட்டும். தேயிலை அதில் இல்லை. கரடி தேயிலை இலையைத் தின்பதும் இல்லை. நீலகிரியில் அது தின்பது வேலை நாட்களை. பயந்து வராத நாளின் கூலியை இழக்கும் பெண்ணுக்கும், முற்றிய கொழுந்தைக் குறைந்த விலைக்குத் தள்ளும் சிறு விவசாயிக்கும் எந்தத் திட்டத்திலும் வரி இல்லை. அதற்கு இழப்பீட்டைவிட முன்தடுப்பே பொருத்தமானது. புதர் வெட்டுவதையும், கழிவைப் பூட்டிய தொட்டியில் சேர்ப்பதையும், ஊர்ப் பலாவைக் கூட்டாகப் பறிப்பதையும் ஊரக வேலைத் திட்டத்தின் பணிகளாகச் சேர்த்தால், அந்தக் கூலியே ஒரு காப்பீடாகும். மாநில அரசு 2022இல் வெளியிட்ட அயல் களைத் தாவரங்களுக்கான கொள்கையின்படி காட்டில் உண்ணிச்செடியை அகற்றும்போது, அந்த இடத்தில் நாவல், அத்தி, கொன்றை போன்றவற்றைக் காட்டின் உட்பகுதியில் நட வேண்டும். நம் மரத்தில் பழத்தைப் பறித்துவிட்டால் மட்டும் போதாது. காட்டில் கரடிக்குப் பழம் இருக்க வேண்டும்.

முதலில் சொன்ன விவசாயியிடம் அன்று நான் உரம் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். பேசி முடித்துக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து மறுநாளே நான்கு மரத்தையும் பறித்துவிடுவதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து அலைபேசியில் கேட்டேன். பழம் விற்ற காசு வண்டி வாடகைக்கே சரியாகப் போய்விட்டதாம். "ஆனா ரெண்டு ராத்திரி வந்து பாத்துட்டு அது போயிடுச்சு சார். பொம்பளைங்க வேலைக்கு வந்துட்டாங்க" என்றார். அவருடைய வரவு செலவில் அந்தக் கடைசி வாக்கியம்தான் லாபம்.

இந்த ஆண்டும் பலா திரளத் தொடங்கிவிட்டது. உங்கள் ஊரில் பறிக்காத மரம் எத்தனை என்று இந்த வாரமே எண்ணுங்கள்.

(கட்டுரையாளர் உழவியல் துறையில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி)